காரணம் மட்டும் கேட்காதே

"என்னை ஏன் வேண்டாங்கறீங்க, காரணம் சொல்லுங்க சார்."

காரணம் மட்டும் கேட்காதே, நன்றி சொல்லிவிட்டு எழுந்து வா என்று அண்ணன் காலையில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். பதினேழாவது இன்டர்வியூ. வீட்டில் டிகிரி முடித்த ஒரே ஆள் நான். அந்தப் பெருமையும் என் செருப்போடு சேர்ந்து தேய்ந்துவிட்டது.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "உன் வெப்சைட்ல என்னம்மா இருக்கு? நாலே நாலு போஸ்டர். நேத்து ஒருத்தரைத் தேர்வு பண்ணிட்டோம். அவர் போர்ட்ஃபோலியோவைப் பாரு, கத்துக்கோ."

திரையை என் பக்கம் திருப்பினார். மருந்துக்கடை விளம்பரம், பள்ளி அடையாள அட்டை, பேக்கரி டப்பா என்று இருபத்திரண்டு டிசைன்கள்.

"இந்த டப்பா மூடியைப் பாரேன். என்ன மூளை!"

"ஒன்பது தடவை மாத்தினது சார்."

"உனக்கெப்படித் தெரியும்?"

போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து இரண்டு வரிகளை மாற்றினேன். "இப்ப ரெஃப்ரெஷ் பண்ணுங்க."

அவர் திரையைப் பார்த்தார். என் விண்ணப்பத்தைப் பார்த்தார். இரண்டிலும் ஒரே பெயர், என் பெயர்.

"எல்லாம் நான் வரைஞ்சது சார். 'நல்லதையெல்லாம் அண்ணன் பேர்ல போடு, உனக்கு மிச்சம் போதும்'னு அப்பா சொன்னார். போட்டுக் கொடுத்தேன். பாஸ்வேர்டு மட்டும் என்கிட்ட இருந்துச்சு."

"உட்காரும்மா, பேசலாம்."

"வேலை எனக்குன்னா ஆர்டர் அனுப்புங்க சார். அந்தப் பக்கத்துல இப்ப என் நம்பர்தான் இருக்கு."

வாசலில் அண்ணன் பைக்கோடு காத்திருந்தான். "காரணம் ஒண்ணும் கேட்கலியே?"

"கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, பைக்கில் ஏறாமல் நடந்தேன்.