பச்சைப் பொட்டலம்

"நாளையிலேருந்து நீங்க வரவேண்டாம்க்கா. ரெண்டு வருஷமா உலை ஆட்டோவுலதான் ஓடுது. நூத்தியெண்பது டிகிரி, துளி பிசகல. என் செட்டிங் அப்படி," என்றார் என்ஜினியர் லோ.

பழக்கதோஷத்தில் வெப்பக் குமிழைப் பிடித்திருந்த உலைத் தொழிலாளி யூச்சின், கையை எடுத்தாள். "சரி சார். அந்தப் பொட்டலத்தை மட்டும் எடுத்துடாதீங்க."

மெஷின் சமர்த்தாக இருக்க, தைவானின் காவ்சியுங் ஆலைகளில் எல்லாரும் மெஷின்மேல் வைக்கிற பச்சை நொறுக்குத்தீனிப் பொட்டலம்.

"இன்னுமா இந்த மூடநம்பிக்கை?"

உலையின் வெப்ப எண்கள் ஏறின. நூற்றுத் தொண்ணூறு. இருநூறு. அபாய மணி அலறியது.

லோ பதறிப்போய், உலையின் பலகையை மறைத்திருந்த பொட்டலத்தைப் பிடுங்கினார். அதன் பின்னால் 'மேனுவல்' விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

யூச்சின் குமிழைத் திருப்பினாள். எண்கள் இறங்கின.

"ஆட்டோவுல மொத நாளே பொங்கிடுச்சு சார். நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான் மறைச்சு வச்சேன்."