சுடாமல் வந்த எண்

தொண்ணூற்று நாலில், ரைபிள் கிளப் செயலாளர் காளிராஜ் குண்டின் வேகத்தை அளக்கும் மெஷின் ஒன்றை வரவழைத்தார். அதைக் கடந்து எது போனாலும் வினாடிக்கு எத்தனை அடி என்று எண் காட்டும். ஞாயிறு காலையில், அய்யனார் கோவில் சாலையிலிருந்த ரேஞ்சில் அதைத் துப்பாக்கி முனைக்குச் சற்று முன்னால் வைத்து, அவர் பாயில் குப்புறப் படுத்துச் சுட, மனைவி ஆவுடையம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணை வாசித்தாள்.

போன வாரம் இதே இடத்தில்தான் அவள் வளர்த்த வெள்ளை நாயை அவர் சுட்டிருந்தார்.

“அதுக்குக் காது கேக்காதுல்லா” என்று அன்று கெஞ்சியிருந்தாள்.

“கூப்பிட்டா வராத நாய்க்குச் சோறு எதுக்குட்டி?” என்றார்.

இன்று மெஷினில் ஆயிரத்து நூறு. ஆயிரத்துத் தொண்ணூறு. பிறகு, அவர் சுடாமலே நாற்பது.

“காக்கா பறந்திருக்கும்” என்றார்.

வானத்தில் ஒன்றுமில்லை. நாற்பது என்பது நாலுகால் பாய்ச்சலின் வேகம். அது பதினெட்டுக்கு இறங்கியது. ஓட்டம் தளர்ந்து ஏழில் நடையானது.

“ஏட்டி, இப்ப எம்புட்டு?”

“ஒண்ணும் வரல.”

கல்யாணமானதிலிருந்து அவரிடம் அவள் சொன்ன முதல் பொய். சொல்லக் கஷ்டமாகவே இல்லை.

அவர் கன்னத்தைத் துப்பாக்கியில் சாய்த்து ஒரு கண்ணை மூடிக்கொண்டார். மெஷினில் இரண்டு என்று வந்தது, பதுங்கி வரும் வேகம்.