செல்லாத்தாளின் ரிப்போர்ட்

"தப்பு என்னோடதுதானுங்க," என்றார் டாக்டர் மதுமதி. திருப்பூரில் நாலு லேபுக்கும் ஒரே ஆளாகச் சதை பரிசோதித்து ரிப்போர்ட் எழுதுகிறவர் அவர். இப்படிச் சொல்வது இதுதான் முதல் தடவை.

எதிரே கொமரலிங்கத்துக் கன்னையனும் அவர் மனைவி செல்லாத்தாளும். உடுமலையில் அவளுக்கு மார்பிலிருந்த கட்டியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பத்து நாள் ஆகிறது. அது புற்றா இல்லையா என்று கேட்கத்தான் வந்திருந்தார்கள்.

"எடுத்த துண்டு கெட்டுப்போச்சுங்க. பாத்து ஒண்ணுமே சொல்ல முடியல. மறுபடியும் கத்தி வெச்சு எடுத்தாத்தான் தெரியும்."

"மறுபடியுமாங்க?" செல்லாத்தாள் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டருக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. சனிக்கிழமை அந்தத் துண்டோடு வந்த டப்பாவைத் திங்கட்கிழமைதான் திறந்தார்கள். அதையும் டெக்னீஷியன்தான் வெட்டி, சதையைப் பதப்படுத்தும் மிஷினில் போட்டார். டாக்டர் வேறு லேபில் இருந்தார். நடுவில் கரண்ட் போய் மிஷின் நின்றுவிட்டது.

யுபிஎஸ் பழுது என்று ஒரு மாதமாகவே அவருக்குத் தெரியும். பனியன் மிஷினுக்கெல்லாம் ஜெனரேட்டர் வைத்திருக்கிற ஊர் இது. அன்றைக்கு மிஷினில் இருந்த மற்ற ஐந்து பேருடைய சதையும் எப்படியோ தப்பித்துவிட்டது. இவளுடையது மட்டும் போயிற்று.

"ஆஸ்பத்திரியில மருந்துத் தண்ணியில போட்டுத்தான் குடுத்திருக்காங்க. அதுல கெடந்தா ஒரு வாரமானாலும் கெடாது. இங்க வந்துதான் கெட்டிருக்கு."

"ரெண்டு பஸ்ஸு மாறி, டப்பாவ மடிய உட்டு எறக்காமக் கொண்டாந்தாருங்களே," என்றாள் செல்லாத்தாள், கணவனைக் காட்டி.

டாக்டருக்குச் சுருக்கென்றது. கன்னையனோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபத்தில் இருக்கிறார், அதுவும் நியாயம்தான் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

மேஜையில் இருந்த தாளைக் கன்னையன் பக்கம் நகர்த்தினார். "நடந்ததெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கறனுங்க. இத வெச்சு எம்மேல புகார் குடுங்க."

இது வெளியே போனால் வேலை போய்விடும். போனால் போகட்டும் என்று இருந்தது அவருக்கு.

"வேண்டாமுங்க," என்றார் கன்னையன்.

"குடுத்தே ஆகோணுங்க. செஞ்சவங்க ஒத்துக்கோணுமில்லீங்களா?"

கன்னையன் தாளைத் தொடவில்லை. மனைவியின் பக்கம் திரும்பினார்.

"பஸ்ஸுல எல்லாரும் நாத்தம்னு வஞ்சாங்க செல்லா, அந்த மருந்துத் தண்ணியக் கொட்டிப்போட்டு நல்ல தண்ணி புடிச்சு ஊத்திட்டேன்."