நாலு வருஷத்து முழங்கை

அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்காக ரஸ்ஸல் நாலு வருஷம் கூடைப்பந்து ஆடினான். ஒரு கூடைகூடப் போட்டதில்லை. எதிரணியில் எவன் ரொம்பத் துள்ளுகிறானோ அவனை அடிக்கத்தான் பயிற்சியாளர் அவனை இறக்குவார். மூணு மூக்கு, ஒரு விலா, எத்தனையோ பற்கள். ஐந்து ஃபவுல் ஆனதும் நடுவர் வெளியே அனுப்பிவிடுவார்.

கடைசி வருஷக்காரர்களுக்குச் சொந்த அரங்கில் கடைசி ஆட்டத்தன்று ஒரு வழக்கம் உண்டு. பெற்றவர்களை நடுவே நிறுத்திப் பூங்கொத்து கொடுப்பார்கள். பெஞ்சில் கிடந்தவனையும் முதலிலேயே இறக்குவார்கள். கோழி வெட்டும் ஆலையில் லீவு சொல்லிவிட்டு, மகன் ஆடுவதை முதல்முறையாகப் பார்க்க அம்மா வந்திருந்தாள். கத்தி பிடித்துப் பிடித்து மடங்கிப்போன அவள் விரல்களில் பூங்கொத்து நிற்கவில்லை.

"இன்னைக்கு எவனையும் தொடாதே. பந்து உனக்கு வரும். உங்கம்மா பார்க்க ஒண்ணு போடுடா," என்றார் பயிற்சியாளர்.

பந்து வந்தது. வளையம் இரண்டே எட்டு தூரத்தில்தான். எதிரணிக்காரன் ஒருவன் பின்னாலிருந்து தோளை உரசி, "என்ன கசாப்பு, பந்தெல்லாம் தொடுறே?" என்று சிரித்தான். ரஸ்ஸலின் கண் வளையத்தில்தான் இருந்தது. முழங்கை தானாகப் பின்னால் போனது. தாடை உடைந்த சத்தம் மேல்வரிசைவரை கேட்டது. நடுவர் விசில் ஊதினார்.

அதற்கப்புறமும் அவன் இரண்டு எட்டு வைத்து, எகிறி, பந்தைக் கூடைக்குள் போட்டான். விசிலுக்குப் பிறகு போட்டது கணக்கில் சேராது; ஸ்கோர் பலகையில் எண் மாறவில்லை. கீழே கிடந்தவன் வாயிலிருந்து ரத்தம் தரையில் பரவ, அரங்கமே எழுந்து அவனை எட்டிப் பார்த்தது. ஒருத்தி மட்டும் பூங்கொத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நிமிராத விரல்களோடு கை தட்டிக்கொண்டிருந்தாள்.