நினிவேயின் சாம்பல்

திருவொற்றியூர் ஜெபக்கூடத்தில் இன்று நினிவே உபவாசம். ஊர் அழியப்போகிறது என்று தீர்க்கதரிசி எச்சரித்ததும், அந்த நகரத்து ராஜாவே சிம்மாசனத்தை விட்டிறங்கி, கோணி உடுத்திச் சாம்பலில் உட்கார்ந்தானாம். இங்கே கோணிக்கு உள்ளே பருத்தித்துணி வைத்துத் தைத்திருக்கிறார்கள். செல்போன் வைக்கப் பையும் உண்டு. சாம்பல் பறக்குமென்று மின்விசிறியை நிறுத்தியதற்கு முணுமுணுப்பு வேறு. கூடத்தைப் பெருக்கும் குப்பம்மா, எவர்சில்வர் தட்டில் சாம்பலை ஏந்தி வருகிறாள். இடுப்பில் மகள். அந்தக் குழந்தையின் மூச்சு விசில் மாதிரி இழுக்கிறது.

"நல்லா சலிச்சியா? கல்லு கெடந்தா நெத்தியில உறுத்தும்லா" என்கிறாள் மளிகை மொத்த வியாபாரியின் மனைவி தேவகிருபை.

"சலிச்சிட்டேன்மா. எண்ணூர்ல எங்க வூட்டுக் கூர மேல வாருனது. நெலக்கரி எரிச்சு கரண்டு எடுக்கிற எடத்துப் புகைபோக்கிலேர்ந்து தெனம் கொட்டிக்கினே கீது. இவளுக்கு இழுப்பே அதாலதான். ஒரு ஜெபம் பண்ணுங்கம்மா."

"பண்ணலாம், பண்ணலாம். இப்ப வெளிய தூக்கிட்டுப் போ. இருமுத சத்தத்துல ஒண்ணும் ஓடல."

தேவகிருபை மோதிர விரலால் துளி தொட்டு நெற்றியில் வைக்கிறாள். மறுகணமே விரலை டெட்டால் தண்ணீரில் முக்கிக் கைக்குட்டையில் துடைக்கிறாள். "இந்தப் பட்டணத்துக்கு இரங்கும்" என்று கூடமே தேம்பி அழுகிறது. வாசலில், செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து, குப்பம்மா மகளின் வாயை முந்தானையால் ஒற்றுகிறாள். துணியில் ஒட்டிய சளி, தட்டிலிருக்கும் சாம்பலின் அதே நிறத்தில் இருக்கிறது.