வெளியே போகச் சொன்னவர்

"பேங்க் மூடிட்டா நாங்களும் வீட்ல போய் உக்காரணுமா பாய்? எப்பவும் போல வர்றோம். உங்க பணம் வர்ற வரைக்கும் எங்களுக்குச் சம்பளம் வேணாம்."

ஜெயம்மாள் எல்லோருக்கும் சேர்த்துப் பேசினாள். பின்னால் நின்ற பெண்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

எதிரே நின்றவர் முதலாளி மக்பூல் அகமது. ஆம்பூரில் ஷூவுக்கு மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் அவருடையது. பணம் முழுக்க ஊர்க் கூட்டுறவு வங்கியில் இருந்தது. வங்கி ஆட்டம் கண்டபோது, "அரசாங்கம் விட்டுடாது, பெரிய பேங்கோட சேர்த்தாவது காப்பாத்திடும்" என்றுதான் ஊரே சொன்னது. அவரும் நம்பிப் பணத்தை எடுக்காமல் இருந்தார்.

போன வாரம் டிவியில் சொல்லிவிட்டார்கள், காப்பாற்றுவதாக இல்லை என்று. மறுநாள் வங்கி வாசலில் பூட்டு, போலீஸ். சின்ன டெபாசிட்காரர்களுக்கு இன்சூரன்ஸ் பணம் வருமாம். தொழில் நடத்துகிறவர்கள் கதி யாருக்கும் தெரியவில்லை. கையில் ஆர்டர் இருந்தும் இப்போது நூல் வாங்கக்கூட மக்பூலுக்கு வழியில்லை.

"வேணாம்" என்றார்.

"இன்னா வேணாம்?"

"நீங்க வர வேணாம். நாளையிலேர்ந்து யூனிட் கிடையாது."

மெர்சி முன்னால் வந்தாள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து இங்கேதான் தைக்கிறாள். "சும்மா தச்சுத் தர்றோம்னுதானே பாய் சொல்றோம். அதுல உங்களுக்கு இன்னா பேஜாரு?"

"பேஜாருதான். தினம் உங்க மூஞ்சியெல்லாம் பார்த்துக்கிட்டு என்னால உக்கார முடியாது. கிளம்புங்க."

பெண்கள் டிபன் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். ஷட்டரை அவரே இறக்கினார்.

"பார்த்தியா மெர்சி? ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்கன்னு கூடச் சொல்லல."

"பணம் போனா மனுசன் குணமும் சேர்ந்து போய்டுது போலக்கா."

வீட்டுக்குப் போய் ஜெயம்மாள் அழுதாள். மகன் திருப்பத்தூரில் பாலிடெக்னிக் படிக்கிறான். இனி அவனை எப்படி அனுப்புவது என்பது ஒரு பக்கம். சம்பளம் வேண்டாம், உழைப்பை மட்டும் எடுத்துக்கோங்க என்று போய் நின்றவளை விரட்டிவிட்டாரே என்பதுதான் அதைவிடப் பெரிதாக வலித்தது.

அடுத்த வாரமே ஜெயம்மாளுக்குப் போன் வந்தது. பைபாஸ் ஓரம் இருக்கும் பெரிய ஷூ கம்பெனி. தையல் தெரிந்தவர்கள் வேண்டுமாம். கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரையும் அழைத்து வரலாமாம்.

"நம்பளத் தெரிஞ்சு கூப்பிடுறாங்க பாரு" என்றாள் ஜெயம்மாள்.

"நம்ப தையல் ஆம்பூர் பூரா தெரியும்க்கா" என்றாள் மெர்சி.

வேலை நன்றாக இருந்தது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு. மதியம் கேன்டீனில் சுடச்சுட சோறு. சம்பளமும் முன்பைவிட ஜாஸ்தி. வீட்டு வாசலுக்கே வேன் வந்தது. முதல் சம்பளத்தில் ஜெயம்மாள் மகனுக்குச் சட்டை எடுத்துவிட்டு வரும்போது, பஸ் ஸ்டாண்டில் மக்பூல் எதிரே வந்தார். கையில் ஒரு துணிப்பை. குடியாத்தத்தில் யாரோ ஒருவருடைய லுங்கிக் கடையில் வேலைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

"எப்படிம்மா இருக்கீங்க? வேன் ஒழுங்கா வருதா?"

"உங்களை விட்டுப் போன பிறகுதான் பாய் நல்லா இருக்கோம்." வேண்டுமென்றே சொன்னாள்.

"நல்லது, நல்லது" என்று சிரித்துக்கொண்டே குடியாத்தம் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

மறுநாள் கேன்டீனில் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "கொஞ்சங்கூட ரோஷம் இல்ல மெர்சி. ஏதோ பிரைஸ் வாங்கினவர் மாதிரி சிரிக்கிறாரு."

தட்டோடு வந்த மேனேஜர் பரணிதரன் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தார். "யாரைம்மா இப்படித் திட்டுறீங்க?"

"எங்க பழைய முதலாளி சார். சம்பளமே வேணாம்னு நின்னோம். நாயை வெரட்டுற மாதிரி வெரட்டினாரு. உங்க புண்ணியத்துல இன்னைக்கு நல்லா சாப்பிடுறோம்."

பரணிதரன் தட்டைத் தள்ளி வைத்தார்.

"சொல்ல மாட்டேன்னு ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். இதைக் கேட்ட பிறகு சும்மா இருந்தா எனக்குச் சோறு இறங்காது. இப்ப நீங்க தைக்கிறீங்களே, அந்த ஆர்டர் யாருதுன்னு நினைக்கிறீங்க?"

"கம்பெனியோடதுதானே சார்?"

"மக்பூல் பாயோடது. அவரே வந்து எங்ககிட்டக் கொடுத்தார். கமிஷன் எவ்வளவு வேணும்னு எங்க முதலாளி கேட்டதுக்கு, 'கமிஷன் வேணாம். என்கிட்ட இருக்கிற பொம்பளைங்க ஒருத்தரையும் விடாம வேலைக்கு எடுத்துக்கோங்க. தூரத்துலேர்ந்து வர்றவங்க, வாசலுக்கு வேன் அனுப்புங்க. அது போதும்'னார்."

மெர்சியின் கை சோற்றிலேயே நின்றது.

ஜெயம்மாள் அவர் பக்கம் திரும்பினாள். "அதை எங்ககிட்டயே சொல்லியிருக்கலாமே சார். எதுக்கு அப்படிக் கடிஞ்சு பேசி அனுப்பணும்?"

"நானும் அதைத்தான்மா கேட்டேன். 'அன்பா சொன்னா போக மாட்டாங்க சார். என்கூட உக்காந்து அவங்களும் பட்டினி கிடப்பாங்க'ன்னார்."