நாலு எலுமிச்சம்பழம்

ஆறாவது ஞாயிறாகத் தணிகாசலம் ஷோரூமுக்கு வந்தார். இந்த முறை, புது வண்டியின் சக்கரங்களுக்கு அடியில் வைக்க நாலு எலுமிச்சம்பழமும் கையில் இருந்தன. சின்ன பெட்ரோல் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். இறங்கிப் போய்ப் பெரிய டீசல் வண்டியில் உட்கார்ந்தார்.

வாசலில் நின்ற அவருடைய கிழட்டு ஸ்கூட்டரிடம், "அண்ணே, எங்க ரெண்டு பேர்ல யாரைத்தான் எடுப்பாரு?" என்று கேட்டது டீசல்.

"வரும்போது, மலைக்குப் போகப் பெருசுதான் சரின்னு அவர் காதுல போடுவேன். திரும்பும்போது, நம்ம சந்துல சின்னதுதான் நுழையும்னு போடுவேன்" என்றது ஸ்கூட்டர்.

"ஏண்ணே மனுஷனை இப்படி அலைக்கழிக்கிறீங்க?" என்றது பெட்ரோல்.

"யாரை எடுத்தாலும் என்னை எடைக்குத்தானேடா போடுவாரு!"

தணிகாசலம் வெளியே வந்து, பழங்களை ஸ்கூட்டர் பெட்டியிலேயே திரும்ப வைத்தார். எப்போதும் பத்து உதை வாங்கும் ஸ்கூட்டர், அன்று முதல் உதையிலேயே கிளம்பியது.